ஒரே குரூப்

இப்போதெல்லாம் ரத்ததான முகாம் என்றால் என்னை மேடையேற்றிவிடுகிறார்கள். நான் மறுப்பதில்லை. மறுப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. மைக்கைப் பிடித்து, "என் அத்தை மகன் விபத்தில் சிக்கினார், எனக்கும் அவருக்கும் ஒரே குரூப், ரத்தம் கொடுத்தேன், பிழைத்துக்கொண்டார்" என்று நான்கு வரி சொல்வேன். கைதட்டுவார்கள். முன்வரிசையில் யாராவது ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அதற்குப் பிறகு நடந்ததை மேடையில் சொல்வதில்லை. சொன்னால் ஒருத்தரும் கையை நீட்ட மாட்டார்கள். முகாம் நடத்துகிற சந்திரசேகர் சார் நல்ல மனிதர், அவர் பிழைப்பை ஏன் கெடுக்க வேண்டும்?

என் பெயர் வனிதா. ஏற்காட்டில், கரடியூர் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட். அப்பா மாதேஸ்வரன், அம்மா பொன்னாயி, இருவருக்கும் அங்கேதான் வேலை. நான் பிறந்தது, தொழிலாளர்களுக்கென்று வரிசையாய் ஒட்டிக் கட்டிய எஸ்டேட் லைன் வீட்டில். காலையில் ஒண்டிக்கடை நிறுத்தத்துக்கு வந்து பஸ் பிடித்து, அத்தனை கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, சேலத்தில் பி.காம் படித்தேன். செம்மநத்தம் பக்கம் இன்னொரு எஸ்டேட்டில் அப்பாவின் அக்கா காளியாயி அத்தை இருக்கிறாள். அத்தைக்குப் புருஷன் இல்லை. ஒரே மகன், தினேஷ். அவருக்குத்தான் நான் என்று நான் பாவாடை சட்டை போட்ட காலத்திலேயே பேசிவைத்தது.

பேசிவைத்த கல்யாணம் என்றால் சில பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு அப்படி இல்லை. எனக்கு தினேஷ் மாமாவைப் பிடிக்கும். நிறையப் பிடிக்கும். சொல்வதில் வெட்கமெல்லாம் கிடையாது. நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது தை மாதம் பூ வைத்தார்கள். படிப்பு முடிந்த கையோடு கல்யாணம் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து அத்தை என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடவில்லை. வாய்க்கு வாய் "மருமவளே"தான். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டு பிடித்துத் தரும்போதும் மருமவளே, காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று திட்டும்போதும் மருமவளே.

மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் எங்கள் கல்லூரியில் ரத்த வகை பார்க்கிற முகாம் போட்டார்கள். சந்திரசேகர் சார் எங்களுக்குப் பொருளாதாரம் எடுப்பவர், நாட்டு நலப்பணித் திட்டமும் அவர் பொறுப்புதான். வகுப்பு வகுப்பாக வந்து, "யாருக்கெல்லாம் உங்க குரூப் தெரியும்?" என்று கேட்டார். எங்கள் வகுப்பில் கால்வாசிப் பேருக்குத்தான் தெரிந்தது. நட்சத்திரம் கேட்டிருந்தால் பாதத்தோடு சொல்லியிருப்பார்கள். தெரியும் என்றவர்களிலும் பாதிப் பேர் அப்பாவின் குரூப்பைத்தான் சொன்னார்கள். இனிஷியல் மாதிரி அதுவும் அப்பாவிடமிருந்து அப்படியே வந்துவிடும் என்று நினைப்பு.

விரலில் குத்திக் குரூப் பார்ப்பது வரைக்கும் வரிசை ஒழுங்காகத்தான் நின்றது. மத்தியானத்துக்கு மேல் விருப்பமுள்ளவர்கள் ரத்தம் கொடுக்கலாம் என்று அறிவித்ததும் காற்றாய்க் கலைந்தது. ஒருத்திக்கு நேற்றுக் காய்ச்சல். ஒருத்திக்கு அம்மா திட்டும். புஜத்தை மடக்கிக் காட்டிக்கொண்டே திரிகிற பையன் ஒருவன் ஊசியைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்துவிட்டான், அவனுக்குக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். என் தோழி ஜெஸ்லினுக்கு ஓ பாசிட்டிவ் என்று வந்தது. "போச்சு, இது நிறையப் பேருக்குச் சேருமாம். இனிமேல் ஆளாளுக்குக் கேப்பாங்க" என்று நொந்துகொண்டாள். எனக்கு மலைப் பஸ். மலைப் பஸ் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் சாக்கு. பரீட்சையைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் அது எங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

குரூப் பார்க்க வந்த குழுவில் தினேஷ் மாமாவும் இருந்தார். அவர் படித்தது லேப் டெக்னீசியன் படிப்பு. கையுறை மாட்டிக்கொண்டு, மற்றவர்களைக் கேட்ட மாதிரியே என்னையும் "பேரு?" என்று கேட்டார். கொழுப்பு. நான் முழுப்பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் சொன்னேன். சிரிக்காமல் எழுதிக்கொண்டார். கண்ணாடித் துண்டில் என் ரத்தத்தை மூன்று சொட்டு வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்தை விட்டுக் குச்சியால் கலக்கினார். ஒரு சொட்டு மட்டும் பால் திரிகிற மாதிரி திரிந்தது.

"பி நெகட்டிவ்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "என்னுதும் அதேதான் வனிதா. நூத்துல ஒருத்தருக்கோ ரெண்டு பேருக்கோதான் இருக்கும்."

"அப்பப் பொருத்தம் பாத்தாச்சுன்னு சொல்லுங்க."

அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் பார்க்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "ஒரு பாட்டில் குடுத்துட்டுத்தான் போயேன்" என்றார். "ரத்தத்துல இருக்கற சிவப்பணு எப்படியும் நாலு மாசத்துக்கு மேல தாங்காது. தானாச் சாவும், புதுசு வரும். சாவப் போறத ஒருத்தருக்குக் குடுத்தா என்ன கொறஞ்சுபோவுது?"

"பஸ்ஸுங்க மாமா" என்றேன்.

அந்த வாரமே செம்மநத்தத்தில் அத்தைக்குச் செய்தி எட்டிவிட்டது. நெகட்டிவ் என்ற வார்த்தை அவளைக் கலக்கிவிட்டது. "ஏங்கண்ணு, அப்பிடின்னா எதாச்சும் கொறையா? ரெண்டு பேருக்குமா?" என்று எனக்குப் போன் போட்டுக் கேட்டாள். குறை இல்லை, அபூர்வம் என்று மாமா பொறுமையாய் விளக்கினார். அதற்கப்புறம் லைனில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எம் பையனுக்கும் மருமவளுக்கும் நொம்ப ஒசந்த ரத்தமுங்க, நூத்துல ஒண்ணாமா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஐப்பசியில் ஒரு மழைநாள் காலை. மாமா பைக்கில் சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார். கொண்டை ஊசி ஒன்றில், மேலே ஏறிவந்த டூரிஸ்ட் கார் திருப்பத்தில் தவறான பக்கம் வந்துவிட்டது. தொடை எலும்பு ஒடிந்தது. பின்னால் வந்த வேன்காரர் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மாமாவின் போனில் கடைசியாகப் பேசியிருந்தது என்னிடம்தான். அதனால் முதல் தகவல் எனக்கு வந்தது.

நானும் ஜெஸ்லினும் கல்லூரியிலிருந்து ஆட்டோவில் போனோம். எனக்கு அழுகை வரவில்லை. ஜெஸ்லின்தான் வழியெல்லாம் அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது, பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அப்படி.

டாக்டரம்மா விவரம் சொன்னார். "தொடைக்குள்ளேயே நிறைய ரத்தம் போயிருக்கும்மா. ஆபரேஷன் பண்ணியாகணும். ரெண்டு பாட்டில் வேணும். எங்ககிட்ட இந்த குரூப்ல ஒண்ணுதான் இருந்தது, அது ஏறிட்டிருக்கு. மத்த பிளட் பேங்க்லயும் கேட்டாச்சு, இல்லைங்கறாங்க. இன்னொண்ணுக்கு ஆள் கொண்டுவாங்க. எடுத்து டெஸ்ட் பண்ணவே நேரமாகும், அதனால சீக்கிரம்."

"நான் இருக்கேங்க டாக்டர். எனக்கும் பி நெகட்டிவ்" என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ரத்த வங்கியில் கூப்பிடுவார்கள், உட்கார் என்றார். உட்கார்ந்தேன்.

எஸ்டேட் ஜீப்பில் அப்பாவும் அத்தையும் வந்து சேர்ந்தார்கள். அத்தை கண்ணாடிக் கதவு வழியாக மகனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வந்து சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பயப்படாதீங்க அத்தை, நான் ரத்தம் கொடுக்கப் போகிறேன், எல்லாம் சரியாகிவிடும் என்றேன். அவள் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ குடுக்காத."

"ஏனுங்க அத்தை?"

"வேண்டாம் மருமவளே. வேற ஆளப் பாக்கலாம். உனக்குப் புரியாது."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"ஒரு மாருல பால் குடிச்சதுகளே அண்ணந் தங்கச்சி ஆயிப்போவுது. பால் என்ன, ரத்தந்தான? உன் ரத்தமே அவனுக்குள்ள போச்சுன்னா அவன் உனக்குக் கூடப்பொறந்தவன். அப்பறம் தாலி எப்பிடிக் கட்டுவான்? நாலு பேரு காறித் துப்ப மாட்டாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் எங்கள் லைனிலேயே அப்படி ஒன்று நடந்திருந்தது. அற்புதம் அக்கா குழந்தையாய் இருந்தபோது அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், பக்கத்து வீட்டுப் பெண் தன் மகனோடு சேர்த்து இவளுக்கும் பால் கொடுத்திருக்கிறாள். வளர்ந்து இரண்டு பேரும் விரும்பினார்கள். ஒரு சனமும் ஒப்பவில்லை. அற்புதம் அக்காவைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். அத்தை கூறுகெட்டுப் பேசவில்லை. அவளுக்குத் தெரிந்த சட்டத்தைச் சொன்னாள். அந்தச் சட்டப்படி நான் அவளுக்கு மருமகளாக வேண்டும் என்றுதான் என் கையைப் பிடித்து வைத்திருந்தாள்.

"சரி அத்தை, வேற ஆளு பாக்கறோம்" என்றேன்.

ஜெஸ்லின் எங்கள் கல்லூரி வாட்ஸ்ஆப் குழுக்களிலெல்லாம் போட்டாள். கும்பிடுகிற கை பொம்மைகள் நூற்றுக்கணக்கில் வந்தன. 'பிரார்த்திக்கிறோம்' என்று வந்தது. 'என் குரூப் என்னன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?' என்று ஒருத்தன் கேட்டிருந்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் விரலை நீட்டிக் குத்திக்கொண்டவன்தான், மறந்துவிட்டானாம். முதலாண்டுப் பெண் ஒருத்தி தனக்கு பி நெகட்டிவ், வருகிறேன் என்றாள். நாங்கள் வாசலிலேயே நின்றோம். அப்புறம் அவள் அப்பா பேசினார்: "தப்பா நெனச்சுக்காதீங்க, கல்யாணம் ஆகவேண்டிய புள்ளைங்க. ரத்தத்தக் குடுத்துட்டு நாளைக்கு ஒடம்புக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

எம்.காம் படிக்கிற வெங்கடேஷ் அண்ணன் மட்டும் நேரில் வந்தார். அடையாள அட்டையில் பி நெகட்டிவ் என்று அச்சடித்திருந்தது. எனக்கு உயிர் வந்தது. குரூப் பார்த்தால் பி பாசிட்டிவ். சேர்க்கையின்போது கேட்டார்களாம், பி என்று நினைவு இருந்தது, மற்றதைக் குத்துமதிப்பாய்ச் சொல்லிவிட்டாராம். ஒரு வருஷத்துக்கும் மேலாய் அந்த அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "வந்தது வந்தேன், இதையாவது எடுத்துக்கங்க, வேற யாருக்காச்சும் ஆவும்" என்று படுத்துவிட்டார். நல்ல பையன். அன்றைக்குக் கோபப்படுவதற்கு எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

டாக்டரம்மா மறுபடி வந்தார். இந்த முறை உட்காரவில்லை. "இதுக்கு மேல தள்ளிப்போட முடியாது. பிரஷர் இறங்குது. இந்தப் பொண்ணு குடுக்கறேன்னு சொல்லிச்சே, என்ன ஆச்சு?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். மாதேஸ்வரன் என்கிற மனிதர் எதிலும் முடிவு சொல்லி நான் பார்த்ததில்லை, அன்றும் சொல்லவில்லை. அத்தை தரையிலிருந்து கையூன்றி எழுந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். என் தலைமேல் கை வைத்து, நெற்றியிலிருந்து பின்கழுத்து வரை ஒருமுறை தடவினாள்.

"போ சாமி" என்றாள். "போயி அவனுக்குக் குடு."

அவள் முடிவு செய்துவிட்டாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இந்த அமளியில் அதெல்லாம் அடிபட்டுப் போய்விடும், மாமா எழுந்து உட்கார்ந்து சிரித்தால் அத்தையும் சிரித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அப்போதே எல்லாம் தெரிந்திருந்தாலும் போய்ப் படுத்திருப்பேன். அவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு அன்று வேண்டியிருந்தது.

எடை பார்த்தார்கள். விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்தார்கள், தேறுகிற அளவுக்கு இருந்தது. கையில் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கி அமுக்கி விடச் சொன்னார்கள். வலி குத்தும்போது மட்டும்தான். பை மெல்ல மெல்ல நிறைந்து தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இவ்வளவுதானா, இதற்கா மலைப் பஸ்ஸைச் சாக்குச் சொன்னோம் என்று இருந்தது. முடிந்து வெளியே வந்ததும் அத்தை ஜூஸையும் பிஸ்கட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள். பிஸ்கட்டைத் தானே ஒடித்து என் வாயில் வைத்தாள். "தின்னு சாமி" என்றாள். மருமவளே என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை.

மாமா பிழைத்தார். நான்காம் நாள் போய்ப் பார்த்தபோது அத்தை சொன்ன சட்டத்தை அவரிடம் சொன்னேன். சிரித்தார், சிரித்ததில் கால் வலித்து முகம் சுளித்தார், மறுபடியும் சிரித்தார். "அம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன், நீ படி" என்றார். எனக்கு நிம்மதியாய் இருந்தது.

கல்லூரியில் என்னைக் கொண்டாடிவிட்டார்கள். சந்திரசேகர் சார் என் புகைப்படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அது போதாதென்று எஸ்டேட் இளைஞர் மன்றத்துப் பையன்கள் ஒண்டிக்கடையில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். 'ரத்தம் தந்து உயிர் காத்த எங்கள் வீட்டுப் பெண்ணே' என்று எழுதி, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் கட்டுப்போட்ட மாமா, நடுவில் சிவப்பாய் ஒரு சொட்டு. அத்தை சொல்லாமல் விட்டிருந்தால்கூட அதற்கு மேல் ஒளிக்க வழியில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற சனமெல்லாம் அண்ணாந்து பார்த்தது. காய்கறிக்கார அம்மா ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளி, "அண்ணனுக்கு உசுரக் குடுத்த புள்ள" என்றாள். யார் அண்ணன் என்று திருப்பிக் கேட்க நினைத்தேன், பஸ் வந்துவிட்டது.

தை கடைசியில் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூட இரண்டு பெரியவர்கள். தட்டில் பூவும் பழமும் ஒரு சேலையும். பூ வைத்த பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், பெண்ணை எங்கள் வீட்டுப் பெண்ணாய் நினைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். நான்தான் கேட்டேன்.

"அத்தை, மாமாவுக்கு ரெண்டு பாட்டில் ஏத்தினாங்க. மொதல் பாட்டில் குடுத்தது யாரு?"

"யாருக்குத் தெரியும் சாமி?"

"அந்த ஆளு ஊட்டுல ஒரு பொண்ணு இருந்து, அதையே மாமாவுக்குக் கட்டி வெச்சீங்கன்னா?"

அத்தை யோசித்தாள். அவள் எதையும் தட்டிக்கழிக்கிறவள் இல்லை. "தெரியாம நடந்தாத் தோஷமில்ல கண்ணு. இது தெரிஞ்சு போச்சே" என்றாள். பிறகு, "நாந் தடுத்தேனே சாமி. அன்னிக்கு நாந் தடுத்தேனே" என்று என் காலடியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவளோடு எப்படிச் சண்டை போடுவது? நான் தட்டை வாங்கி உள்ளே வைத்தேன். அத்தையை இனிமேலும் அத்தை என்றே கூப்பிடலாமாம். அத்தை மகன் மட்டும் அண்ணனாம். இந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று பி.காம் படித்த எனக்குப் புரியவில்லை.

மாசி முடியட்டும் என்று காத்திருந்தேன். ஐப்பசியிலிருந்து நாலு மாதம் தாண்டியதும் மாமாவைப் பார்த்தேன். ஊன்றுகோலோடு ஒண்டிக்கடைக்கு வந்திருந்தார். டீக்கடைக்கு வெளியே, மழைக்குப் போட்ட தகரக் கூரையின் கீழ் நின்றோம்.

"சிவப்பணு நாலு மாசந்தான் தாங்கும்னு நீங்கதானுங்க மாமா சொன்னீங்க" என்றேன். "இப்ப உங்க ஒடம்புல என்னுது ஒண்ணுகூட இல்ல. எல்லாம் செத்துப்போச்சு. இருக்கறதெல்லாம் உங்களுது."

"தெரியும் வனிதா."

"அத்தைக்கு அதச் சொல்லுங்க."

"சொன்னேன். நெறைய சொன்னேன்." ஊன்றுகோலைக் கை மாற்றிக்கொண்டார். "அம்மா கெடக்குது. நான் வேண்டாங்கறது அம்மாவுக்காக இல்ல."

"அப்பறம்?"

அவர் டீக்கடைப் பாய்லர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்ப அந்தப் பை தொங்கிட்டிருந்துச்சு. பாதி காலி. நர்ஸம்மா உன் பேரச் சொன்னாங்க. அது சொட்டுச் சொட்டா எறங்கறத முழுசாப் பாத்துட்டுப் படுத்திருந்தேன். அன்னிலிருந்து உன்ன நெனைச்சா எனக்கு அழுகை வருது. கும்பிடத் தோணுது. அந்த மாதிரி எதுவும் தோணமாட்டேங்குது. நானும் தோணும் தோணும்னுதான் பாத்தேன். படிச்சதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குது. மனசு கேக்கமாட்டேங்குது."

அம்மா மிரட்டினாள் என்று சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். ஊருக்குப் பயம் என்று சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பேன். இதற்கு என்ன செய்வது? என் பஸ் வந்தது. "பஸ்ஸுங்க" என்றேன். மாமா என்று சேர்க்கவில்லை. அதற்குப் பதில் வேறு எதுவும் சேர்க்கவும் முடியவில்லை. ஏறி உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், தூங்கினேன், காலையில் எழுந்து பரீட்சைக்குப் படித்தேன். பெரிதாய் வலிக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவே இல்லை. வராததுதான் எனக்குப் பயமாய் இருந்தது.

ஆவணியில் மாமாவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். பெண் பெயர் சசிகலா, வாழப்பாடிப் பக்கம். அத்தை பத்திரிகையோடு எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தாள். பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"தினேசுக்குக் கூடப்பொறந்தது ஆருமில்ல சாமி. நாத்தனார் முடிச்சு நீ வந்துதான் போடோணும்."

அம்மா கையிலிருந்த சொம்பை ணங்கென்று வைத்தாள். "ஏனுங்க அண்ணி, உங்களுக்கே இது நாயமா இருக்குதுங்களா? அவ எங்க நிக்கவேண்டிய புள்ள, எங்க கொண்டுபோயி நிறுத்தறீங்க?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அது அவமானம் செய்கிற காரியமாகத் தெரியவில்லை, தன்னிடம் இருப்பதிலேயே பெரிய மரியாதையைத்தான் கொண்டுவந்து கொடுக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சண்டை போட வேண்டுமானால் உள்ளே ஏதாவது எரிய வேண்டும். எதுவும் எரியவில்லை.

"நான் போடறேன் அத்தை" என்றேன். அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

கோயிலில்தான் கல்யாணம். என்னைப் பெண்ணுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். மேளம் ஓங்கியது. அவர் எழுந்து, சாய்கிற காலைச் சமாளித்துக்கொண்டு, தாலியை எடுத்துச் சசிகலா கழுத்தில் வைத்து முதல் முடிச்சைப் போட்டார். கயிற்றின் இரண்டு நுனியையும் என்னிடம் கொடுத்தார். அவர் விரல்கள் என் விரல்களில் பட்டன. முன்பெல்லாம் பஸ்ஸில் தோள் உரசினாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவருக்குக் காது சிவக்கும். இப்போது அவர் காதைப் பார்த்தேன். சும்மா இருந்தது. என் நெஞ்சும் சும்மாதான் இருந்தது. கூட்டத்தில் யாரோ வழி விடச் சொல்லித் தொட்டது போல இருந்ததே தவிர வேறு ஒன்றும் இல்லை.

மஞ்சள் கயிறு ஈரமாய் வழுக்கியது. சசிகலாவின் கூந்தலை ஒதுக்கிவிட்டு இரண்டாவது முடிச்சைப் போட்டேன். "நல்லா இறுக்கிப் போடு சாமி" என்று அத்தை கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சொன்னாள். மூன்றாவதை இறுக்கிப் போட்டேன். அட்சதை விழுந்தது. என் தலையிலும் விழுந்தது.

போட்டோ எடுக்க மேளத்தை நிறுத்தச் சொன்னார்கள். பெண் வீட்டார் ஒரு பக்கம் கூடிவிட்டார்கள், மாப்பிள்ளை பக்கம் வெறிச்சென்று இருந்தது. போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையை எடுத்து, "மாப்பிள்ளையோட தங்கச்சி எங்கீங்க? கொஞ்சம் முன்னால வாங்க" என்று கூப்பிட்டார்.

யாரும் என்னைத் தொட்டுச் சொல்லவில்லை. யாரும் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நானேதான் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.